கட்டிப்பிடிக்க ஓடி வரும் குழந்தைகள்: அநாதை இல்லப் பயணங்களின் கதை

(ஒலிவடிவத்திலிருந்து சற்றே செப்பனிடப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த எபிசோட் ஒரு வாட்ஸ்அப் மெசேஜில் ஆரம்பிச்சது.

சிங்கப்பூரில் இருக்கிற என் சித்தி பொண்ணு அனுப்பியிருந்தா. அவளுக்கு 19 வயசு. அவள் போகிற சபையின் யூத் குரூப், டிசம்பர் லீவில் கம்போடியாவுக்குப் போகிறது. சியம் ரீப் நகரத்தில் ஒரு வாரம். அங்கே ஓர் அநாதை இல்லத்தில் குழந்தைகளுக்கு ஆக்‌ஷன் சாங்ஸ், விளையாட்டு, கொஞ்சம் இங்கிலீஷ் கிளாஸ், சுவருக்குப் பெயின்ட். கடைசி நாள் அங்கோர் வாட். "அண்ணா, டிக்கெட்டுக்கு ஸ்பான்சர் தேடறேன். உங்களால முடிஞ்சதைக் குடுங்க"ன்னு ஒரு மெசேஜ், கூடவே கைகூப்பின எமோஜி.

நான் பணம் அனுப்ப ஆப்பைத் திறந்துட்டேன். அப்புறம் வழக்கமான புத்தி. இந்தப் பழக்கம் எப்ப, எங்க ஆரம்பிச்சதுன்னு ஒரு பத்து நிமிஷம் பார்க்கலாம்னு உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் மூணு வாரமாச்சு. பணம் இன்னும் அனுப்பலை. அந்த மூணு வாரத்தில் படிச்சதைத்தான் இன்னிக்கு உங்ககிட்டச் சொல்லப் போறேன்.

எல்லையில் நின்ற பஸ்

2010 ஜனவரி 12. ஹெய்ட்டி நாட்டில் 7.0 அளவில் நிலநடுக்கம். தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் தரைமட்டம். உலகம் முழுக்க டிவியில் இடிபாடுகளும் அழுகிற குழந்தைகளும்தான்.

பதினேழு நாள் கழித்து, ஜனவரி 29 அன்று, பக்கத்து நாடான டொமினிகன் குடியரசின் எல்லையில் ஒரு பஸ்ஸை நிறுத்தினார்கள். உள்ளே 33 குழந்தைகள். இரண்டு மாதக் கைக்குழந்தை முதல் 12 வயதுப் பிள்ளைவரை. கூட இருந்தது 10 அமெரிக்கர்கள். பெரும்பாலும் ஐடஹோ மாநிலத்தின் இரண்டு பாப்டிஸ்ட் சபைகளைச் சேர்ந்தவர்கள். 18, 19 வயதுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். என் சித்தி பொண்ணு வயசுதான்.

குழுவின் தலைவர் லாரா சில்ஸ்பி. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு ஹோட்டலை வாடகைக்கு எடுத்து, அதை அநாதை இல்லமாக மாற்றி, இந்தக் குழந்தைகளைக் காப்பாற்றுவது திட்டம். குழந்தைகளை நாட்டைவிட்டு வெளியே அழைத்துப்போகத் தேவையான அரசு அனுமதி கையில் இல்லை. பத்துப் பேரும் கைதானார்கள்.

இதுவரைக்கும் கேட்டா, "பேப்பர் இல்லாத ஒரு நல்ல காரியம்"னு தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஆனா செய்தியாளர்கள் அந்தக் குழந்தைகளின் வீடுகளைத் தேடிப் போனார்கள். தலைநகருக்கு வெளியே மலைப்பக்கம் இருக்கும் கல்லேபாஸ் கிராமத்துக்கும், நகரத்துக்குள் இடிந்துபோன ஒரு குடிசைப் பகுதிக்கும். அங்கே தெரியவந்த விஷயம் என்னன்னா, அந்த 33 பேரில் ஒருவர்கூட அநாதை இல்லை. எல்லோருக்கும் அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தார்.

யாரும் பிடுங்கிக்கொண்டு போகவில்லை. பெற்றோர்களே கொடுத்திருந்தார்கள். நல்ல பள்ளிக்கூடம், விளையாட்டுத் திடல், நீச்சல்குளம், வேண்டும்போது வந்து பார்க்கலாம் என்ற வாக்குறுதி. வீடு இடிந்து, சோற்றுக்கு வழியில்லாமல் தெருவில் உட்கார்ந்திருக்கிற ஒரு அம்மாகிட்ட இதைச் சொன்னா அவங்க என்ன செய்வாங்க? யோசிச்சுப் பாருங்க.

பிப்ரவரி நடுவில் எட்டுப் பேர் விடுவிக்கப்பட்டார்கள். சில்ஸ்பி மே மாதம் வரை சிறையில் இருந்தார். கடத்தல் குற்றச்சாட்டு கைவிடப்பட்டு, முறையற்ற பயண ஏற்பாடு என்ற சிறிய குற்றத்தில் தண்டிக்கப்பட்டார். சிறையில் இருந்த நாட்களே தண்டனையாகக் கணக்கிடப்பட்டு வெளியே வந்தார். குழந்தைகள் பெரும்பாலும் மார்ச்சிலேயே வீடு திரும்பிவிட்டார்கள்.

என்னைத் தூங்கவிடாத கேள்வி இதுதான்: அந்தப் பஸ்ஸில் இருந்தவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் கதை சுலபமாக முடிந்திருக்கும். ஆனா அந்த 18 வயசுப் பிள்ளைங்க உண்மையிலேயே நல்லது செய்யத்தான் போனாங்க. அப்ப தப்பு எங்க நடந்தது?

ஒரு பக்கம் மூடியது, இன்னொரு பக்கம் திறந்தது

கொஞ்சம் பின்னாடி போவோம். 1836, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரம். ஜார்ஜ் முல்லர் என்ற ஜெர்மன் போதகர் ஒரு வாடகை வீட்டில் அநாதை இல்லம் தொடங்குகிறார். 1870-ல் அது ஐந்து பெரிய கட்டடங்களாக, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் தங்கும் இடமாக வளர்ந்திருந்தது. முல்லர் அப்பா, அம்மா இருவரையும் இழந்த குழந்தைகளுக்காகத்தான் அதைத் தொடங்கினார். அநாதை என்ற சொல்லுக்கு அங்கே ஒரு கறாரான பொருள் இருந்தது.

அமெரிக்காவில் அந்தச் சொல் நீண்டுபோனது. 1854 முதல் 1929 வரை, நியூயார்க் மாதிரி நகரங்களிலிருந்து சுமார் இரண்டு லட்சம் குழந்தைகளை ரயிலில் ஏற்றி, நாட்டின் உட்பகுதிப் பண்ணைக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். அநாதை ரயில்கள் என்றே அவற்றுக்குப் பெயர். அதில் ஏறிய பல குழந்தைகளுக்கு அப்பா, அம்மா இருந்தார்கள். அவர்கள் ஏழைகள், புதிதாகக் குடியேறியவர்கள், அவ்வளவுதான்.

நம்ம பக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1876–78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்தில் மிஷன் அநாதை இல்லங்கள் பெருகின. அது தனியா ஒரு எபிசோடுக்கு உரிய விஷயம், இன்னொரு நாள் பேசுவோம்.

பிறகு மேற்கு நாடுகள் மனசை மாத்திக்கிட்டன. 1909-ல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகையில் ஒரு மாநாடு கூட்டினார். வறுமை என்ற ஒரே காரணத்துக்காகக் குழந்தையை வீட்டிலிருந்து பிரிக்கக் கூடாது என்பது அதன் முக்கிய முடிவு. 1951-ல் ஜான் பௌல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஓர் அறிக்கை எழுதினார். சோறும் துணியும் கிடைத்தாலும், தனக்கென்று நிலையான ஒருவர் இல்லாத குழந்தையின் மனவளர்ச்சி பாதிக்கப்படும் என்பது அதன் சாரம். அதன் பின் அந்த நாடுகளில் பெரிய அநாதை இல்லங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. உறவினர் வீடு, வளர்ப்புக் குடும்பம் என்ற வழிக்கு மாறினார்கள்.

இங்கதான் சரித்திரத்தில் ஒரு விசித்திரமான திருப்பம். தங்கள் ஊரில் "இது குழந்தைக்கு ஆகாது"ன்னு மூடின அதே நிறுவனத்தை, அடுத்த ஐம்பது வருஷத்தில் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் கரீபியன் தீவுகளிலும் காசு கொடுத்துக் கட்டினார்கள்.

லீவுக்குப் போகும் ஊழியம்

அந்தக் காசு எப்படிப் போச்சு? அங்கதான் யூத் குரூப் வருது.

பழைய மிஷனரி ஒரு நாட்டுக்குப் போனால் பல வருஷம் அங்கேயே தங்குவார், பாஷை கற்பார், பலர் அங்கேயே செத்தும் போனார்கள். 1950-களில் புதுவிதமான ஒரு பயணம் வந்தது. 1957-ல் ஜார்ஜ் வெர்வர் என்ற கல்லூரி மாணவர் இரண்டு நண்பர்களோடு கோடை விடுமுறையில் மெக்சிகோ போனார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஆபரேஷன் மொபிலைசேஷன். 1960-ல் லோரன் கன்னிங்ஹாம் தொடங்கியது யூத் வித் எ மிஷன். 1961-ல் அதிபர் கென்னடி அரசு சார்பில் பீஸ் கோர் அமைப்பைத் தொடங்கினார். விமானப் பயணம் மலிவாகிக்கொண்டே வந்தது. இளைஞர்களை அனுப்புவது ஒரு பண்பாடாகவே ஆகிவிட்டது.

அப்பவே ஒருத்தர் கையைத் தூக்கினார். கத்தோலிக்கப் பாதிரியார், பெயர் இவான் இல்லிச். 1968 ஏப்ரலில், கோடை விடுமுறைக்கு மெக்சிகோ போகத் தயாராகிக்கொண்டிருந்த அமெரிக்க மாணவர்கள் அவரைப் பேச அழைத்திருந்தார்கள். அவர் மேடையேறி, உங்கள் நல்லெண்ணம் அந்த ஊருக்குத் தொல்லை, சுற்றிப் பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய வராதீர்கள் என்கிற பொருளில் பேசினார். அழைத்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனாலும் பயணங்கள் நிற்கவில்லை. 2000-களின் நடுவில், அமெரிக்கச் சபைகளிலிருந்து மட்டும் ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் பேர் இப்படிக் குறுகிய காலப் பயணம் போனதாகச் சமூகவியலாளர் ராபர்ட் வுத்னோ மதிப்பிட்டார்.

இதில் பணக் கணக்கு ஒண்ணு இருக்கு. 1998-ல் மிட்ச் புயல் ஹோண்டுராஸைப் புரட்டிப்போட்டது. வீடு கட்டித்தர வட அமெரிக்கச் சபைக் குழுக்கள் கூட்டம் கூட்டமாக வந்தன. கர்ட் வெர் பீக் என்ற ஆய்வாளர் பிறகு கணக்குப் போட்டார். விமான டிக்கெட் எல்லாம் சேர்த்தால், வெளிநாட்டுக் குழு கட்டிய வீடு ஒன்றுக்குச் சராசரியாக 30,000 டாலர். அதே மாதிரி வீட்டை உள்ளூர் கிறிஸ்தவ அமைப்பு உள்ளூர் ஆட்களை வைத்துக் கட்டியது 2,000 டாலருக்கு. ஒரு வீட்டுக்கான செலவில் பதினைந்து வீடு!

சரி, வீடு கட்டினா காசுதான் வீண். வீடு அழாது. குழந்தை விஷயம் அப்படி இல்லை.

புக்காரெஸ்டில் தெரிந்தது

1989 டிசம்பரில் ருமேனியாவின் சர்வாதிகாரி சௌசெஸ்கு வீழ்ந்தார். மக்கள்தொகையைப் பெருக்குவதற்காக அவர் 1966-லேயே கருக்கலைப்புக்குத் தடை போட்டிருந்தார். வளர்க்க முடியாத குழந்தைகளை அரசு இல்லங்களில் விட்டார்கள். ஆட்சி கவிழ்ந்தபோது அந்த இல்லங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். 1990-ல் அந்தக் காட்சிகள் டிவியில் வந்ததும் மேற்கிலிருந்து தொண்டர்கள் குவிந்தார்கள்.

2000-ல் தலைநகர் புக்காரெஸ்டில் ஒரு முக்கியமான ஆய்வு தொடங்கியது. சார்ல்ஸ் நெல்சன், சார்ல்ஸ் சீனா, நேதன் ஃபாக்ஸ் என்ற மூன்று அமெரிக்க விஞ்ஞானிகள் நடத்தியது. இல்லங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு வளர்ப்புக் குடும்பம். மீதிப் பேருக்கு வழக்கமான பராமரிப்பு. குடும்பத்துக்குப் போன குழந்தைகள் அறிவுத்திறனிலும் பாசப் பிணைப்பிலும் தெளிவாக முன்னேறினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்களுக்கு முன்னேற்றம் இன்னும் அதிகம். இல்லத்திலேயே இருந்தவர்களின் மூளைச் செயல்பாட்டிலேயே வித்தியாசம் தெரிந்தது.

இல்லங்களில் வளரும் குழந்தைகளிடம் ஆய்வாளர்கள் கவனித்த இன்னொரு விஷயம் இருக்கு. முன்பின் தெரியாத யார் வந்தாலும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வது, மடியில் ஏறுவது, கையைப் பிடித்துக்கொண்டு கூடவே போவது. குடும்பத்தில் வளரும் சின்னக் குழந்தை புது ஆளைப் பார்த்தால் அம்மா சேலைக்குப் பின்னால் ஒளியும். அதுதான் இயல்பு. யாரைக் கண்டாலும் ஓடி வருவது பாசம் இல்லை. நிலையான ஒருவர் கிடைக்காததின் அடையாளம்.

இதைப் படிச்சப்ப நான் லேப்டாப்பை மூடிட்டேன்.

காலேஜ் கடைசி வருஷம், எங்க ஃபெல்லோஷிப்பில் ஒரு சனிக்கிழமை ஊருக்கு வெளியே இருந்த ஒரு பையன்கள் இல்லத்துக்குப் போனோம். வேனை விட்டு இறங்கினதும் பசங்க ஓடி வந்து எங்களைக் கட்டிக்கிட்டாங்க. எங்களுக்கெல்லாம் கண்ணு கலங்கிருச்சு. "எவ்வளவு பாசம் பாரு"ன்னு சொல்லிக்கிட்டோம். ஒரு பையன், ஆறு வயசு இருக்கும், நாள் முழுக்க என் சுண்டுவிரலை விடவே இல்லை. கிளம்பும்போது கேட்டான்: "அண்ணா, அடுத்த வாரமும் வருவீங்களா?" நான் "கண்டிப்பா"ன்னு சொன்னேன். போகலை. அவனோட எடுத்த போட்டோவை மட்டும் ரொம்ப நாள் ஃபேஸ்புக்கில் ப்ரொஃபைல் படமா வெச்சிருந்தேன்.

எனக்கு முன்னாடி எத்தனை பேர் "கண்டிப்பா" சொல்லியிருப்பாங்க? எனக்கப்புறம் எத்தனை பேர்? ஒரு வாரத்துக்கு ஒரு குழுன்னு வெச்சா, ஒரு குழந்தைக்கு வருஷத்துக்கு ஐம்பது பிரிவு.

சியம் ரீப்: தேவைக்கு ஏற்ற அநாதைகள்

இப்போ என் சித்தி பொண்ணு போகப்போற ஊர். கம்போடியா 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் சுமார் 17 லட்சம் பேரைப் பறிகொடுத்த நாடு. அப்போது உண்மையிலேயே ஏராளமான அநாதைக் குழந்தைகள் இருந்தார்கள். அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் அவர்கள் வளர்ந்து பெரியவர்களாகி, நாடு அமைதிக்குத் திரும்பிய பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். 2005-ல் கம்போடியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 14 லட்சம். 2010-ல் சுமார் 25 லட்சம். அதே ஐந்து வருஷத்தில் அநாதை இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடி 269 ஆனது. அதில் அரசு நடத்தியவை 21 மட்டுமே. கிட்டத்தட்ட 12,000 குழந்தைகள் அவற்றில் இருந்தார்கள். நாலில் மூன்று பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்ததாக 2011-ல் அரசும் யூனிசெஃபும் வெளியிட்ட ஆய்வு சொன்னது.

போர் இல்லை, பஞ்சம் இல்லை, ஆனா அநாதை இல்லம் பெருகுது. ஏன்? வந்து பார்க்க ஆள் இருந்தது. கொடுக்கப் பணம் இருந்தது. இல்லத்துக்குக் குழந்தை வேணும். கிராமத்துக்கு ஆள் போய், "உங்க பிள்ளைக்கு மூணு வேளைச் சாப்பாடு, இங்கிலீஷ் படிப்பு"ன்னு சொன்னா, நெல் வயல்ல கூலி வேலை பார்க்கிற அம்மா அனுப்பி வெச்சிடுவாங்க. சில இல்லங்களில் குழந்தைகளை ராத்திரி சுற்றுலாப் பயணிகள் முன்னால் நடனம் ஆட வைத்தார்கள். சிலவற்றில் குழந்தைகளை வேண்டுமென்றே ஏழ்மைக் கோலத்தில் வைத்திருந்தார்கள். பளிச்சென்று இருந்தால் நன்கொடை குறையும் இல்லையா?

எல்லா இல்லமும் இப்படின்னு நான் சொல்லவே இல்லை. வருஷக்கணக்கா அங்கேயே தங்கி, நேர்மையா நடத்தினவங்க இருக்காங்க. அவங்கள்ல ஒருத்தர் கதையைச் சொல்லணும். டாரா விங்க்ளர் என்ற ஆஸ்திரேலிய இளம்பெண். 2007-ல் பட்டம்பாங் நகரத்தில், மோசமாக நடத்தப்பட்ட ஓர் இல்லத்திலிருந்து 14 குழந்தைகளை மீட்டுத் தானே ஓர் இல்லம் தொடங்கினார். கெமர் மொழி கற்று, குழந்தைகளோடு பேச ஆரம்பித்த பிறகுதான் அவர்களில் பலருக்குக் குடும்பம் இருப்பது அவருக்கே தெரிந்தது. அவர் தன் இல்லத்தை மூடினார். குழந்தைகள் வீட்டோடு இருக்க, அந்தக் குடும்பங்களுக்கு உதவும் அமைப்பாக மாற்றினார். "நான் தப்புப் பண்ணிட்டேன்"னு உலக மேடைகளில் நின்னு சொன்னார். அதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்!

2011-ல் கம்போடியாவில், குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப் பொருள் அல்ல என்று ஒரு பெரிய பிரசாரமே நடந்தது. 2018-ல் ஆஸ்திரேலியா நவீன அடிமைமுறைக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தபோது, அநாதை இல்லங்களுக்காகக் குழந்தைகளைக் கடத்துவதையும் அந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமும் அநாதை இல்லச் சுற்றுலாவின் தீங்கைப் பேசியது. ஹெய்ட்டியிலோ, 2017-ல் லூமோஸ் என்ற அமைப்பு மதிப்பிட்டபடி சுமார் 30,000 குழந்தைகள் இல்லங்களில். பத்தில் எட்டுப் பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது உண்டு. வருஷத்துக்கு வெளியிலிருந்து போன பணம் குறைந்தது ஏழு கோடி டாலர். அந்தப் பணம் அம்மாக்கள் கைக்குப் போயிருந்தா எத்தனை பிள்ளைங்க வீட்டிலேயே இருந்திருக்கும்?

மூணு கேள்வி

இதையெல்லாம் சித்தி பொண்ணுகிட்ட ஃபோனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "வேதத்துலயே போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கே அண்ணா"ன்னா. நியாயமான கேள்வி. யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரம். அவளையே எடுத்து வாசிக்கச் சொன்னேன். அதில் அநாதைகள் மட்டும் இல்லை, விதவைகளும் சேர்ந்தே வருகிறார்கள். பிள்ளையும் தாயும். நாமதான் தாயை விட்டுட்டுப் பிள்ளையை மட்டும் பார்க்கப் போறோம்.

மறுநாள் சித்தி கூப்பிட்டாங்க. "நல்ல காரியத்துக்கு ஏன்டா குறுக்க நிக்கற? புள்ள ராத்திரியெல்லாம் அழுதா"ன்னு ஒரே சத்தம். எனக்குப் பதில் சொல்ல வரலை. ஒருவேளை அந்த இல்லம் நல்ல இல்லமாவே இருக்கலாம். அதனால, போகாதேன்னு சொல்லலை சித்தி, கேட்டுட்டுப் போகட்டும்னுதான் சொன்னேன்.

மூணே மூணு கேள்வி. அங்கே இருக்கிற குழந்தைகளில் எத்தனை பேருக்கு அப்பா அம்மா இருக்காங்க? அவங்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்ப அந்த இல்லம் என்ன செய்யுது? முன்பின் தெரியாத 19 வயசுப் பிள்ளைங்க ஒரு வாரம் வந்து கொஞ்சிட்டுப் போறதை உங்க ஊரில் உங்க பிள்ளை படிக்கிற ஸ்கூல் அனுமதிக்குமா?

அவ போன ஞாயித்துக்கிழமை யூத் மீட்டிங்கில் எழுந்து கேட்டிருக்கா. லீடருக்கு முதல்ல முகம் மாறிப்போச்சாம். ரெண்டு பேர் "இப்ப எதுக்கு இதெல்லாம்"னு முணுமுணுத்தாங்களாம். மீட்டிங் முடிஞ்சதும் லீடரே வந்து, "நான் இதைக் கேட்டதே இல்லை, அந்த இல்லத்துக்கு எழுதிக் கேட்கறேன்"னு சொல்லியிருக்கார். பதில் இன்னும் வரலை. டிக்கெட்டும் இன்னும் போடலை.

நான் எடுத்து வெச்ச பணம் அப்படியே இருக்கு. பதில் வந்ததும் அது எங்க போகணும்னு நானும் அவளும் சேர்ந்து முடிவு பண்றதா பேச்சு. என்ன ஆச்சுன்னு உங்களுக்கும் சொல்றேன்.

உங்க காலேஜ், சபை, கோயில், ஆபீஸ் எங்கயாவது இப்படி ஒரு பயணம் திட்டமிட்டா, அந்த மூணு கேள்வியை நீங்களும் கேளுங்க. என்ன பதில் வந்ததுன்னு எங்களுக்கு எழுதுங்க.